முதலில் நீங்கள் பேசுங்கள்!



நம் வாசகர்களில் தனி ஆளாகத் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர். இட்லிப் பொடியும் ஊறுகாயும் போட்டு விற்பவர்கள், ஆரி வேலை செய்து ஜாக்கெட் தைப்பவர்கள், வீட்டுக் கூடத்திலேயே டியூஷன் எடுப்பவர்கள், மாடியில் நாற்று வளர்த்துக் கொடுப்பவர்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். சாமான் வாங்குவது, செய்வது, பேக் பண்ணுவது, கூரியர் ஆபீசுக்கு ஓடுவது, பணம் வந்து சேர்ந்ததா என்று போனில் பார்ப்பது எல்லாமே ஒரே ஆளின் வேலை. அதற்கு நடுவில் சமையல், ஸ்கூல் வேன், மாமியாருக்கு மாத்திரை.

இப்போது இந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. எழுத வேண்டும்!

பொருள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லவும் வேண்டும் என்கிறார்கள். உண்மைதான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் என்று எதிலாவது தொடர்ந்து தலைகாட்டினால்தான் ஆர்டர் வருகிறது. ஆனால் ராத்திரி அடுப்படியைத் துடைத்துவிட்டு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, போனைக் கையில் எடுத்தால் என்ன எழுதுவது என்றே தோன்றுவதில்லை. கண் சொருகுகிறது.

அந்த நேரத்தில்தான் ஏஐ கை கொடுக்கிறது. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. பின்னாலேயே ஜெமினி, கிளாட் என்று வரிசையாக வந்தன. இப்போது வாட்ஸ்அப்புக்குள்ளேயே மெட்டா ஏஐ இருக்கிறது. ‘இட்லிப் பொடி பற்றி ஒரு பதிவு எழுதிக் கொடு’ என்று தட்டினால் போதும், கண்மூடித் திறப்பதற்குள் ஒரு பக்கம் வந்து நிற்கிறது. காசும் இல்லை, கெஞ்சவும் வேண்டாம்.

இதைப் பயன்படுத்தலாமா, கூடாதா? வாசகர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை: முதலில் நீங்கள் பேசுங்கள், அப்புறம் அது எழுதட்டும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்?

கடையில் கிடைக்காத இட்லிப் பொடியா? எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனாலும் பத்து பிராண்டு அடுக்கிவைத்திருக்கிறார்கள். விலையும் உங்கள் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அப்படியும் ஒருவர் உங்களைத் தேடி வந்து வாங்குகிறார் என்றால், அவர் பொடியை மட்டும் வாங்கவில்லை. ‘இந்த அக்கா சுத்தமாகச் செய்வாங்க, ஏமாற்ற மாட்டாங்க’ என்ற நம்பிக்கையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். தனி ஆள் நடத்தும் தொழிலுக்கு முதலீடே அந்த ஆள்தான்.

அப்படியிருக்க, உங்கள் பதிவில் உங்கள் குரலே இல்லாவிட்டால் என்ன ஆகும்?

ஏஐயிடம் ஒன்றும் சொல்லாமல் எழுதித் தரச் சொன்னால் எப்படி வரும் என்று பாருங்கள். ‘தமிழர்களின் பாரம்பரிய உணவான இட்லிக்கு எங்கள் சுவைமிகு பொடி ஒரு சிறந்த தேர்வாகும். தரமான பொருட்களால், அன்புடன் தயாரிக்கப்பட்டது.’ பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதை மதுரையில் இருப்பவரும் போடலாம், சேலத்தில் இருப்பவரும் போடலாம். போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். ஒரே கேள்வியை எல்லோரும் கேட்டால் ஒரே மாதிரி பதில்தானே வரும்?

இப்போது அதே பொடியை நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வீர்கள்? ‘உளுத்தம் பருப்பையும் கடலைப் பருப்பையும் நான் சேர்த்துப் போட்டு வறுக்கவே மாட்டேங்க. ஒண்ணு சிவக்கிறதுக்குள்ள இன்னொண்ணு கருகிடும். தனித்தனியா வறுத்து, நல்லா ஆறவச்சுத்தான் அரைப்பேன். சூட்டோட அரைச்சா வேர்த்து கட்டி தட்டிடும். எள்ளு மட்டும் கடைசியில, படபடன்னு பொரியற வரைக்கும்.’

படிக்கிற யாருக்குமே புரிந்துவிடும், இவர் அடுப்பு முன்னால் நின்றவர் என்று. எந்த இயந்திரமும் உங்கள் அடுப்படியில் நின்றதில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஏற்கனவே யார் யாரோ எழுதிவைத்ததுதான்.

தைப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். துணியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் எவ்வளவு கைதேர்ந்த டெய்லராலும் பொதுவான சைஸில்தான் தைக்க முடியும். உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும் என்றால் அளவு ஜாக்கெட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஏஐக்கும் அப்படித்தான். உங்கள் பேச்சுதான் அதற்கு அளவு ஜாக்கெட்.

இதற்கு எழுத்துத் திறமை வேண்டியதில்லை. போன் கீபோர்டில் மைக் படம் இருக்கிறதல்லவா? அதை அழுத்தித் தமிழில் பேசினால் அதுவே எழுத்தாக மாற்றிக் கொடுத்துவிடும். ஒரு பொருளைப் பற்றி இரண்டு மூன்று நிமிஷம் மனம்போல் பேசுங்கள். வரிசை மாறி இருக்கட்டும், ‘வந்து, அதாவது’ எல்லாம் இருக்கட்டும். அதை அப்படியே ஏஐயிடம் கொடுத்து, இப்படிக் கேளுங்கள்: ‘இதை ஒழுங்குபடுத்திக் கொடு. நான் சொல்லாத எதையும் சேர்க்காதே. என் பேச்சு நடையை மாற்றாதே. ஏதாவது புரியவில்லை என்றால் என்னைக் கேள்.’

கடைசி வாக்கியம் முக்கியம். கேட்கச் சொன்னால் நிஜமாகவே கேட்கும். ‘எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? பூண்டு சேர்க்கிறீர்களா? குழந்தைகளுக்குக் காரம் குறைத்துக் கிடைக்குமா?’ நல்ல கேள்விகள்தானே? வாடிக்கையாளரும் இதைத்தான் கேட்கப் போகிறார்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்பவர்களுக்கும் இதோ வழி. உங்களுக்கு வரும் போன்களைக் கவனியுங்கள். ஊறுகாய் ஏன் பூசணம் பிடித்தது என்று ஒருவர் கேட்டிருப்பார். ஈரக் கரண்டி போடக் கூடாது, மேலே எண்ணெய் மிதந்தால்தான் காற்று படாது என்று நீங்கள் விளக்கியிருப்பீர்கள். ஜர்தோசி வைத்த ஜாக்கெட்டை எப்படி அயர்ன் பண்ணுவது என்று இன்னொருவர் கேட்டிருப்பார். வேலைப்பாட்டின் மேல் நேராகப் பெட்டியை வைக்காதீர்கள், உள்பக்கம் திருப்பி மேலே காட்டன் துணி போட்டுத் தேயுங்கள் என்று சொல்லியிருப்பீர்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு பதிவு. ஏற்கனவே வாயால் எழுதிவிட்டீர்கள், தாளில்தான் இறக்கவில்லை!

கூகுளும் இதைத்தான் விரும்புகிறது. ஒரு பக்கத்தை எப்படித் தயாரித்தார்கள் என்பதைவிட அது படிப்பவருக்குப் பயன்படுகிறதா என்றுதான் பார்ப்போம் என்று 2023 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டார்கள். தேடலில் முன்னால் வர வேண்டும் என்பதற்காக மட்டும் மூட்டை மூட்டையாக உற்பத்தி செய்யும் பக்கங்கள் மீது நடவடிக்கை எடுப்போம் என்று 2024 மார்ச்சில் விதியையும் கடுமையாக்கினார்கள். எனவே, ஏஐயை வைத்து தினம் பத்துப் பதிவு போட்டால் ஆர்டர் கொட்டும் என்று யாராவது கோர்ஸ் விற்றால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

அடுத்து, கவலையோடு ஒரு விஷயம்.

ஏஐ மிகவும் தன்னம்பிக்கையாகத் தப்புச் சொல்லும். அடுத்து எந்த வார்த்தை வந்தால் பொருத்தமாக இருக்கும் என்று கணித்துக் கணித்து எழுதும் இயந்திரம் அது. எது உண்மை என்று சரிபார்த்து எழுதுவது அதன் அடிப்படை வேலை இல்லை. அமெரிக்காவில் சிநெட் என்ற பெரிய செய்தித் தளம் 77 கட்டுரைகளை ஏஐ உதவியோடு வெளியிட்டது. 2023 ஜனவரியில் விஷயம் வெளியே வந்து, திரும்பிப் பார்த்தபோது 41 கட்டுரைகளில் திருத்தம் போட வேண்டியிருந்தது. அதில் ஒன்று கூட்டு வட்டி பற்றியது. 10,000 டாலரை 3 சதவீத வட்டிக்குப் போட்டால் ஒரு வருஷத்தில் 10,300 டாலர் சம்பாதிக்கலாம் என்று எழுதியிருந்தது. உண்மையில் வட்டி 300 டாலர்தான்! சீட்டுக் கட்டும் நம் வீட்டுப் பெண்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆசிரியர் குழு, சரிபார்ப்பவர்கள் எல்லாம் உள்ள இடத்திலேயே இந்த நிலை என்றால், ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் காப்பி பேஸ்ட் செய்யும் நம் நிலை?

நம் ஊரில் இந்த ஆபத்து எங்கே அதிகம் தெரியுமா? சாப்பாட்டுப் பொருள்களில்தான்.

கருப்புக் கவுனி, தினை, கருப்பட்டி, வெந்தயம், முருங்கைக் கீரைப் பொடி என்று எதைக் கேட்டாலும் ‘சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும், நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும், புற்றுநோய் வராமல் தடுக்கும்’ என்று ஏஐ எழுதிவிடும். இணையத்தில் ஆளாளுக்கு அப்படி எழுதிவைத்திருப்பதால் அதுவும் அப்படியே கற்றுக்கொண்டிருக்கிறது. நீங்கள் சொல்லாததை அது சேர்க்கிறது. ஆனால் கீழே இருப்பது உங்கள் பெயர், உங்கள் போன் நம்பர்.

யோசித்துப் பாருங்கள். ‘கருப்பட்டி மிட்டாய், சர்க்கரை நோயாளிகளும் பயமில்லாமல் சாப்பிடலாம்’ என்று ஒரு வரி. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான். ரத்தத்தில் சர்க்கரையை அதுவும் ஏற்றும். அந்த வரியை நம்பி ஒரு வீட்டில் அப்பாவுக்கு தினம் இரண்டு கொடுக்கிறார்கள் என்றால், அந்தப் பழி யாருக்கு?

சட்டமும் சும்மா இருக்காது. உணவுப் பொருள் ஒரு நோயைக் குணப்படுத்தும், தடுக்கும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018ஆம் ஆண்டு விதிகள் இடம் தரவில்லை. ‘சுகர் ஃப்ரீ’ என்று போடக்கூட 100 கிராமுக்கு 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என்று கணக்கு இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை போகும். நம்மைப் போன்ற சின்னத் தொழிலுக்கு அவ்வளவு தூரம் வருவார்களா என்று நினைக்கலாம். வராமலே போகட்டும். ஆனால் பயத்தினால் மட்டுமா நாம் உண்மை பேசுகிறோம்?

‘அதை எழுதியது ஏஐ, நான் இல்லை’ என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. கனடாவில் ஒரு வழக்கு நடந்தது. பாட்டி இறந்த துக்கத்தில் டிக்கெட் எடுத்த ஒருவருக்கு, கட்டணச் சலுகையைப் பிறகு விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் தவறாகச் சொல்லிவிட்டது. நிறுவனம் பணம் தர மறுத்தது. சாட்பாட் சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்கிற மாதிரிகூட வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உன் தளத்தில் இருப்பதெல்லாம் உன் பொறுப்புதான் என்று சொல்லி, நஷ்டஈடு தர உத்தரவிட்டது. அவ்வளவு பெரிய விமான கம்பெனிக்கே அதுதான் நியாயம் என்றால், நமக்கும் அதுதானே?

ஆகவே ஏஐ கொடுத்ததைப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கில் ஒட்டாத வார்த்தை எல்லாம் நீங்கள் பேசாத வார்த்தை. எடுத்துவிடுங்கள். எண் எங்கே வந்தாலும் நிறுத்தி, இது நான் கொடுத்த எண்ணா என்று பாருங்கள். மருத்துவக் குணம் என்று ஏதாவது முளைத்திருந்தால் வெட்டிவிடுங்கள். கடைசியாக உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை ஒரு வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியுமா? முடியும் என்றால் தயங்காமல் போடுங்கள்.

இன்னும் சில விஷயங்களில் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும்.

வாடிக்கையாளர்களின் பெயர், விலாசம், போன் நம்பர் உள்ள பட்டியலை ஏஐக்குள் போடாதீர்கள். நம்மை நம்பித்தான் அவற்றைக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் பேசுவதை வைத்தே பயிற்சி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் சில சேவைகளில் உண்டு. செட்டிங்ஸில் போய் அதை அணைத்துவைக்க முடியுமா என்று பாருங்கள். வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் நிமிஷத்தில் செய்து கொடுத்துவிடும். அதேபோல, உங்கள் மசாலாவின் சரியான அளவு உங்கள் சொத்து. பொடியைப் பற்றி எழுத அந்த அளவு தேவையே இல்லை. அதை எந்த இயந்திரத்திடமும் ஒப்படைக்காதீர்கள்.

படமும் அப்படித்தான். பளபளவென்று ஏஐ வரைந்து கொடுத்த முறுக்கைப் போட்டுவிட்டு, பார்சலில் வேறு மாதிரி முறுக்கு போனால் வாங்கியவருக்கு எப்படி இருக்கும்? ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து நீங்களே எடுங்கள். அது போதும்.

வாங்கியவர்கள் எழுதியது மாதிரி பாராட்டுகளை ஏஐயிடம் எழுதி வாங்கிப் போடுவது பச்சைப் பொய். இணையத்தில் வரும் வாடிக்கையாளர் கருத்துகள் எப்படி இருக்க வேண்டும் என்று 2022இல் நம் நாட்டில் ஐஎஸ் 19000 என்ற தர வரையறையே கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு இந்தப் பொய் பெருகிவிட்டது. ஒருவர் மனசார அனுப்பிய ‘சூப்பர்க்கா, என் பையன் இன்னும் ரெண்டு இட்லி கேட்டான்’ என்ற ஒரு வரியை, அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். அதற்கு ஈடு உண்டா?

எல்லா இடத்திலும் எழுத்தே வேண்டும் என்பதும் இல்லை. பார்சல் உடைந்து எண்ணெய் ஒழுகிவிட்டது, விசேஷத்துக்குள் ஜாக்கெட் போய்ச் சேரவில்லை என்றால், அழகாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்லாதீர்கள். போனை எடுத்துப் பேசுங்கள். கோபத்தில் இருப்பவருக்குக் கேட்க வேண்டியது உங்கள் குரல்தான்.

சரி, ஏஐயை எதற்கெல்லாம் தைரியமாக வைத்துக்கொள்ளலாம்? நீளமாகிவிட்டதைச் சுருக்க, பத்தி பிரிக்க, ஒரு தலைப்புக்கு நாலைந்து யோசனை கேட்க. பெங்களூரு, மும்பை வாடிக்கையாளருக்காக உங்கள் தமிழை ஆங்கிலத்தில் போட. பார்சலைத் தொலைத்த கூரியருக்கு ஒரு கறாரான புகார் எழுத, லோன் கேட்டு பேங்க் மேனேஜருக்கு ஒரு கடிதம் தயார் செய்ய. ஆங்கிலம் வராது என்பதாலேயே ஒதுங்கி நின்ற எத்தனையோ பெண்களுக்கு இது பெரிய கதவு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எழுதத் தெரியாது என்ற கூச்சத்தை இந்தக் கருவி போக்குமானால் அதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் கடைசியாகக் கொஞ்சம் பேச வேண்டும்.

‘எனக்கு இலக்கணமா எழுத வராது சார், அதான் ஏஐ கிட்ட கொடுத்துடறேன்’ என்பவர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் யாரும் இலக்கணம் கேட்கவில்லையே! எத்தனையோ வருஷம் அடுப்படியிலும் தையல் மெஷினிலும் உட்கார்ந்து நீங்கள் கற்றது உங்களிடம் இருக்கிறது. எந்த ஊர் மிளகாய்க்குக் காரம் தூக்கல், மழைக்காலத்தில் வடகத்தை எப்படிக் காப்பாற்றுவது, எந்தத் துணி முதல் துவைப்பில் சுருங்கும் என்பதெல்லாம் தமிழில் இன்னும் பெரும்பாலும் எழுதப்படாமலேயே கிடக்கிறது. அம்மாவிடமிருந்து மகளுக்கு வாய்வழியாக வந்ததோடு நின்றுவிடுகிறது. அதை நீங்கள் எழுதினால் உங்கள் தொழிலுக்கும் நல்லது, நம் மொழிக்கும் நல்லது. நாளைக்கு இந்த இயந்திரங்கள் தமிழில் கற்றுக்கொள்ளப் போவதும் இணையத்தில் இன்று நாம் போட்டுவைப்பதைத்தான். அவை எழுதியதையே திரும்பப் போட்டுக்கொண்டிருந்தால் புதிதாக என்னத்தைக் கற்கும்?

அதனால் இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்களிடம் அதிகம் விற்கும் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி வாடிக்கையாளர் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்கு, போன் மைக்கில் தமிழில் பதில் சொல்லுங்கள். ஏஐயிடம் ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள். அது சேர்த்ததை நீக்கி, விட்டதைச் சேர்த்து, உங்கள் பெயரோடு போடுங்கள். இரண்டாவது பதிவு முதலாவதைவிட எளிதாக வரும். கொஞ்ச நாளில் அந்த உதவிகூட இல்லாமல் நீங்களே எழுதத் தொடங்கிவிடுவீர்கள் என்பது என் நம்பிக்கை.

எழுதியதை எங்களுக்கும் அனுப்புங்கள். பேசின மாதிரியே இருக்கட்டும், பிழை இருந்தாலும் பரவாயில்லை. ஆசிரியர் குழுவில் நாங்கள் படித்துவிட்டு, மற்ற வாசகர்களுக்கும் பயன்படும் என்று தோன்றுபவற்றை உங்கள் அனுமதியோடு வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்